ஆறு இலக்கச் சாவி

திண்டுக்கல் என்றதும் இளவட்டங்களுக்குப் பிரியாணி நினைவுக்கு வரலாம். பெரியவர்களுக்கு நினைவுக்கு வருவது பூட்டுதான். மாங்காய் வடிவத்தில் கனமாக ஒரு பூட்டு. அதற்கு ஏற்றபடி ஒரு சாவி. வாசற்கதவில் அதை மாட்டி, ஒரு தடவைக்கு இரண்டு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு ஊருக்குப் புறப்பட்டால், திரும்பி வரும்வரை கவலை இல்லை. இயந்திரப் பூட்டுகளின் போட்டியில் பட்டறைகள் பல மறைந்துபோயின. என்றாலும், 2019-ம் ஆண்டில் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பெயர் நிலைத்துவிட்டது.

அந்தத் திண்டுக்கல்லில் இன்று ஜனங்களைத் திண்டாட வைப்பது வேறு ஒரு பூட்டு. அது கதவில் தொங்குவதில்லை, கைபேசிக்குள் இருக்கிறது. அதன் சாவி இரும்பால் ஆனதல்ல. ஆறு எண்களால் ஆனது. சில நிமிஷங்களே அதற்கு ஆயுள். ஒரு தடவை திறந்தால் அதோடு அதன் கதை முடிந்தது. படித்தவரும் படிக்காதவரும் 'ஓ.டி.பி.' என்று சொல்கிறார்களே, அதுதான்!

வாட்ஸ்அப், ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் - எதற்குள் நுழைவதானாலும் இந்தச் சாவியை ஏதாவது ஒரு சமயம் கேட்கிறார்கள். அப்போது எழும் புகார்களை மூன்றாகப் பிரித்துவிடலாம்.

"எண் வரவே இல்லை."

"வந்தது, போட்டால் தவறு என்கிறது."

"நான் கேட்கவே இல்லை, தானாக வந்தது."

முதல் இரண்டும் தொல்லை. மூன்றாவது ஆபத்து.

"பொழுதுபோக்குச் சமாசாரம்தானே, போனால் போகட்டும்" என்று யாரும் எண்ண வேண்டாம். சின்னாளபட்டிச் சுங்குடிச் சேலையைப் படம் எடுத்து வெளியூருக்கு அனுப்பி ஆர்டர் பிடிப்பவருக்கு வாட்ஸ்அப்தான் கடை. நிலக்கோட்டையில் பூ என்ன விலை, ஒட்டன்சத்திரத்தில் தக்காளி என்ன விலை என்று விடியுமுன் தெரிந்துகொள்ள விரும்பும் விவசாயிக்கு அதுதான் சந்தைச் செய்தி. வெளிநாட்டில் இருக்கும் மகன் முகத்தைப் பார்க்கத் தாய்க்கு அதுதான் ஜன்னல். கணக்குப் பறிபோனால் இத்தனையும் ஒரே நாளில் மூடிக்கொள்ளும்.

சாவி எப்படிப் பிறக்கிறது?

ஒரு தடவை உபயோகித்ததும் செல்லாமல் போகும் கடவுச்சொல் என்ற யோசனை புதியதல்ல. 1981-ம் ஆண்டிலேயே லெஸ்லி லாம்போர்ட் என்ற அமெரிக்கக் கணினி அறிஞர் அதற்கு ஒரு முறையை எழுதி வெளியிட்டார். உலகின் முதல் எஸ்.எம்.எஸ். 1992 டிசம்பர் 3-ந் தேதி இங்கிலாந்தில் அனுப்பப்பட்டது. கிறிஸ்துமஸ் வாழ்த்துத்தான் அந்தச் செய்தி. பிற்காலத்தில் இந்த இரண்டும் கை கோத்துக்கொண்டன.

உங்கள் கைபேசி எண்ணைச் செயலியில் பதிந்ததும், கம்பெனியின் கணினி ஆறு இலக்க எண் ஒன்றை உருவாக்குகிறது. அந்த எண் எஸ்.எம்.எஸ்.சாகப் புறப்பட்டு, உங்கள் சிம் கம்பெனியின் கோபுரம் வழியாக உங்கள் கைக்கு வருகிறது. அதைப் பார்த்து நீங்கள் திருப்பிப் போட்டதும், "இந்த எண்ணுக்குரிய சிம் இவர் கையில்தான் இருக்கிறது" என்று கணினி முடிவு கட்டுகிறது.

இந்த இடத்தைச் சற்று ஊன்றிக் கவனிக்க வேண்டும். கணினி உங்கள் முகத்தைப் பார்ப்பதில்லை, பெயரை விசாரிப்பதில்லை. ரிஜிஸ்தர் தபால் கொண்டுவரும் தபால்காரர் ஆளைப் பார்த்து, கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் கொடுப்பார். இந்தத் தபால்காரரோ விலாசத்தை மட்டும் பார்த்து, திண்ணையில் போட்டுவிட்டுப் போய்விடுவார். யார் எடுத்தாலும் அவர்தான் வீட்டுக்காரர்!

ஆகவே, ஆறு இலக்க எண் சாவி என்றால், பூட்டு உங்கள் கைபேசி எண்தான். பெரும்பாலான தொல்லைகள் செயலியில் இல்லை. சிம் கார்டில் இருக்கின்றன.

எண் வரவில்லையா?

முதலில் எண்ணைச் சரியாகப் போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். இந்தியாவுக்குரிய 91 முன்னால் இருக்க வேண்டும். அதற்கும் உங்கள் பத்து இலக்கத்துக்கும் நடுவில் 0 வேண்டியதில்லை. நான்கு வருஷத்துக்கு முன் ஃபேஸ்புக் தொடங்கியபோது கொடுத்தது எந்த எண்? அது இப்போது உங்களிடம் இருக்கிறதா? எண் வேறு எங்கோ போய்க்கொண்டிருக்கும். நாம் இங்கே காத்துக்கொண்டிருப்போம்.

இரண்டாவது, சிக்னல். "நெட் வேலை செய்கிறதே, சினிமாப் பாட்டு ஓடுகிறதே!" என்பார்கள். வீட்டு வைஃபையில் பாட்டு ஓடலாம். ஆனால் எஸ்.எம்.எஸ். பொதுவாக சிம் கார்டின் கோபுரத்திலிருந்துதான் வர வேண்டும். சிறுமலை அடிவாரம் போல மலை மறைக்கும் இடங்களில் வீட்டுக்குள் கோடு ஒன்று தெரிந்தால் வெளியில் மூன்று தெரியும். திறந்த வெளிக்கு வந்து, விமானக் குறியை ஒரு தடவை போட்டு எடுத்துப் பாருங்கள். அநேகமாகச் சரியாகிவிடும்.

மூன்றாவது, ரீசார்ஜ். இரண்டு சிம் வைத்திருப்பவர்கள் ஒன்றுக்கு மட்டும் பணம் போட்டுவிட்டு மற்றதை மறந்துவிடுகிறார்கள். தவணை முடிந்து நாள் பல ஆனால், அந்த சிம்முக்கு வரும் எஸ்.எம்.எஸ்.சும் நின்றுவிடும். பழைய கணக்கு அந்த எண்ணில் இருந்தால் எண் எப்படி வரும்?

நான்காவது, புது சிம். இது பலருக்குத் தெரியாத விஷயம். தொலைந்த சிம்முக்குப் பதிலாக அதே எண்ணில் புது சிம் வாங்கினால், முதல் 24 மணி நேரத்துக்கு அதில் எஸ்.எம்.எஸ். வராது, போகாது. தொலைத்தொடர்புத் துறையின் ஏற்பாடு அது. வேறு எவனாவது உங்கள் பெயரில் மாற்று சிம் வாங்கி, உங்கள் பாங்கிப் பணத்தைத் துடைக்காமல் இருப்பதற்காகச் செய்தது. ஆகையால் புது சிம் போட்ட அன்றே "எண் வரவில்லையே" என்று பதற வேண்டாம். ஒரு நாள் பொறுத்தால் தானாக வரும்.

ஐந்தாவது, குப்பைக் கூடை. எஸ்.எம்.எஸ். பெட்டியில் 'ஸ்பாம்' என்று ஒரு மூலை இருக்கிறது. விளம்பரம் என்று எண்ணி, கைபேசியே அந்த எண்ணை அங்கே தள்ளியிருக்கலாம். அதையும் ஒரு தடவை திறந்து பாருங்கள். மின்னஞ்சலுக்கு எண் அனுப்பியிருந்தால் அங்கும் இதே கதைதான்.

வந்தது; ஆனால் தவறு என்கிறது!

இதற்கு முக்கியமான காரணம் அவசரம். அரை நிமிஷம் வரவில்லை என்றதும் "மறுபடி அனுப்பு" என்பதை அமுக்குகிறோம். உடனே மறுபடி. பிறகு மறுபடி. நான்கு எண்கள் மொத்தமாக வந்து சேருகின்றன. பல செயலிகளில் புது எண் பிறந்ததும் பழைய எண் செல்லாது. நாமோ முதலில் வந்ததைப் போடுகிறோம், தவறு என்கிறது. கோபத்தில் இன்னும் இரண்டு தடவை தட்டுகிறோம். திருடன் என்று நினைத்துக் கணினி கதவைச் சாத்திவிடுகிறது. "சில மணி நேரம் கழித்து வாருங்கள்" என்கிறது.

அந்த நேரத்தைத் தட்டித் தட்டிக் குறைக்க முடியாது, தட்டினால் கூடும். கடைசியாக வந்த எண்ணை மட்டும் போடுங்கள். கதவு சாத்தப்பட்டுவிட்டால் கைபேசியை வைத்துவிட்டு வேறு வேலையைப் பாருங்கள். வாட்ஸ்அப்பில் எஸ்.எம்.எஸ். வராவிட்டால் "அழைத்துச் சொல்" என்ற வசதியும் உண்டு. போன் அடிக்கும், எடுத்தால் எண்ணை வாயால் சொல்லும். எழுதிக்கொண்டு போட வேண்டியதுதான்.

எஸ்.எம்.எஸ். இல்லாமல், 'ஆதென்டிகேட்டர்' என்ற தனிச் செயலி மூலம் எண் எடுப்பவர்களும் இருக்கிறார்கள். அதில் பொதுவாக 30 விநாடிக்கு ஒரு தடவை எண் மாறும். அந்த எண் கடிகாரத்தைக் கொண்டே கணக்கிடப்படுகிறது. கைபேசிக் கடிகாரம் இரண்டு நிமிஷம் பிசகியிருந்தால் போடும் எண்ணெல்லாம் தவறாகும். தேதியையும் நேரத்தையும் "தானாக அமைத்துக்கொள்" என்று விட்டுவிட்டால் கோளாறு தீரும்.

பழைய கைபேசியும் ஒரு காரணம். ஆண்ட்ராய்டு 4.4 கொண்ட பழைய கைபேசிகளில் வாட்ஸ்அப் 2025 ஜனவரி முதல் வேலை செய்வதில்லை. அதேபோல், "கூடுதல் வசதி" என்று ஆசை காட்டும் போலி வாட்ஸ்அப்களை ஏற்றிக்கொண்டவர்களைக் கம்பெனி தடை செய்கிறது. அங்கே எண்ணைக் குறை சொல்லிப் பயன் இல்லை.

குற்றம் உங்களுடையது அல்ல!

சில சமயம் கோளாறு கடல் கடந்த இடத்தில் இருக்கும். 2021 அக்டோபர் 4-ந் தேதி இரவு ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் மூன்றும் உலகம் முழுவதும் சுமார் ஆறு மணி நேரம் படுத்துவிட்டன. கம்பெனியே தன் கணினிகளுக்குப் போகும் பாதையைப் பராமரிப்பு வேலையின்போது தவறுதலாகத் துண்டித்துக்கொண்டதுதான் காரணம்.

2024 மார்ச் 5-ந் தேதி இரவு நடந்தது இன்னும் வேடிக்கை. ஃபேஸ்புக்கில் இருந்தவர்கள் ஒரே சமயத்தில் வெளியே தள்ளப்பட்டார்கள். சரியான கடவுச்சொல்லைப் போட்டாலும் தவறு என்றது. "என் கணக்கை எவனோ திருடிவிட்டான்" என்று பலர் அலறினார்கள். இரண்டு மணி நேரத்துக்குள் தானாகச் சரியாயிற்று. அதற்குள் பதறிப்போய்க் கடவுச்சொல்லை மாற்றப் போனவர்கள்தான் புதுச் சிக்கலைத் தேடிக்கொண்டார்கள்.

ஆகவே, பூட்டு திறக்கவில்லை என்றதும் முதலில் பக்கத்து வீட்டுக்காரரைக் கேளுங்கள். அவருக்கும் திறக்கவில்லையென்றால் நிம்மதியாகத் தூங்கப் போகலாம்.

சிம் யார் பெயரில்?

வேடசந்தூர்ப் பக்கத்தில் ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். தகப்பனாருக்கு மகன் தன் பெயரில் சிம் வாங்கிக் கொடுக்கிறான். வாட்ஸ்அப், ஃபேஸ்புக், பாங்கி எல்லாம் அந்த எண்ணில். மகன் திருப்பூருக்கு வேலைக்குப் போகிறான். சிம் தொலைகிறது. புது சிம் கேட்டால் கடைக்காரர், "யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் வர வேண்டும்" என்கிறார். மகன் வரும்வரை தகப்பனார் எல்லாக் கதவுக்கும் வெளியேதான் நிற்க வேண்டும். அவரவர் எண் அவரவர் பெயரில் இருப்பதே உத்தமம். உங்கள் பெயரில் எத்தனை சிம் இருக்கின்றன என்பதை, மத்திய அரசு 2023-ல் தொடங்கிய 'சஞ்சார் சாத்தி' இணையதளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். உங்களுக்குத் தெரியாத எண் அதில் இருந்தால் அங்கேயே புகாரும் செய்யலாம்.

இதைவிட மோசமானது, பழைய எண்ணைக் கைவிடுவது. நாம் விட்ட எண் சும்மா கிடப்பதில்லை. 90 நாள் கழிந்தபின் அதை வேறொருவருக்குக் கொடுக்கலாம் என்பது விதி. 2023-ல் இந்த விஷயம் சுப்ரீம் கோர்ட்டு வரை போயிற்று. எண்ணை விடுகிறவர்தான் தன் வாட்ஸ்அப் கணக்கை நீக்கித் தன் அந்தரங்கத்தைக் காத்துக்கொள்ள வேண்டும் என்று கோர்ட்டு கூறிவிட்டது.

யோசித்துப் பாருங்கள். உங்கள் ஃபேஸ்புக் இன்னும் பழைய எண்ணில் இருக்கிறது. அந்த எண் இன்று எங்கோ ஒருவர் கையில். உங்கள் வீட்டுச் சாவி தினமும் அவர் திண்ணையில் போய் விழுகிறது!

செய்ய வேண்டியது மிகச் சுலபம். முதலில் ஒவ்வொரு செயலியிலும் புது எண்ணைப் பதியுங்கள். வாட்ஸ்அப்பில் 'எண்ணை மாற்று' என்றே ஒரு வசதி இருக்கிறது. எல்லாம் மாறிய பிறகு பழைய சிம்மை விடுங்கள். குடிபோகிறவர்கள் சாமான்களை எடுத்த பிறகுதானே சாவியை வீட்டுக்காரரிடம் கொடுப்பார்கள்?

கேட்காமல் வரும் எண்

இனி ஆபத்தான விஷயத்துக்கு வருவோம். நீங்கள் சும்மா இருக்கும்போது ஆறு இலக்க எண் வந்தால், யாரோ உங்கள் கதவைத் தட்டுகிறார்கள் என்று அர்த்தம். தெரியாமல் எண்ணை மாற்றிப் போட்டவராகவும் இருக்கலாம், திருடனாகவும் இருக்கலாம். நீங்கள் அந்த எண்ணை யாருக்கும் சொல்லாதவரை கதவு திறக்காது. விஷயம் அவ்வளவுதான்.

ஆனால் சொல்லும்படி செய்வதில்தான் திருடனின் சாமர்த்தியம் இருக்கிறது. உங்களுக்கு நன்றாகத் தெரிந்த நண்பரின் வாட்ஸ்அப்பிலிருந்து செய்தி வரும். "அண்ணே, தவறுதலாக ஓர் எண்ணை உங்களுக்கு அனுப்பிவிட்டேன். கொஞ்சம் சொல்லுங்களேன்" என்று இருக்கும். நண்பர்தானே என்று சொல்லிவிடுவீர்கள். அந்த நண்பரின் கணக்கு அதற்கு முந்திய நாளே திருடு போயிருக்கும்! இப்போது உங்கள் கணக்கும் போயிற்று. அடுத்து உங்கள் பெயரில் உங்கள் மைத்துனருக்குச் செய்தி போகும். "அவசரம், பத்தாயிரம் ரூபாய் அனுப்பு" என்று.

இன்னொரு தந்திரம் உண்டு. கூரியர் கம்பெனி என்றோ, டெலிபோன் கம்பெனி என்றோ ஒருவன் பேசுவான். நட்சத்திரக் குறியோடு 401 என்று தொடங்கும் ஓர் எண்ணை அடிக்கச் சொல்வான். அடித்தால் உங்களுக்கு வரும் அழைப்பெல்லாம் அவனுக்குத் திரும்பிவிடும். பிறகு அவன் வாட்ஸ்அப்பில் "அழைத்துச் சொல்" என்பான். சாவி நேரே அவன் காதில் விழும். இந்த மோசடி பெருகியதால், இப்படி எண் அடித்து அழைப்பைத் திருப்பும் வசதியை 2024 ஏப்ரல் 15 முதல் நிறுத்தும்படி தொலைத்தொடர்புத் துறை உத்தரவிட்டது. ஆயினும் யாரோ சொன்னார் என்று எந்த எண்ணையும் அடிக்காமல் இருப்பதே நல்லது.

வாட்ஸ்அப்பை வேறு கணினியில் இணைப்பதற்கு எட்டு எழுத்து எண்கள் கொண்ட குறியீடு ஒன்றும் உண்டு. பரிசு, ஓட்டு, புகைப்படம் என்று ஏதாவது சொல்லி அதை உங்கள் கைபேசியில் போடச் சொல்வார்கள். போட்டால் உங்கள் கணக்கு உங்களிடமும் இருக்கும், அவர்களிடமும் இருக்கும். சத்தமே கேட்காது. 'இணைத்த சாதனங்கள்' என்ற பகுதியை வாரம் ஒரு முறை திறந்து, தெரியாத பெயர் இருந்தால் வெட்டிவிடுங்கள்.

பறிபோனால் என்ன செய்வது?

முதலில், வெட்கப்படாதீர்கள். பிரதமர் நரேந்திர மோடியின் ட்விட்டர் கணக்கே 2021 டிசம்பர் 12-ந் தேதி சிறிது நேரம் அந்நியர் கைக்குப் போயிற்று. மறைத்து வைக்கிற ஒவ்வொரு மணி நேரமும் திருடனுக்கு லாபம். உற்றார் உறவினருக்குப் போன் செய்து, "என் பெயரில் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்" என்று சொல்லுங்கள்.

வாட்ஸ்அப் என்றால், உங்கள் எண்ணைப் போட்டு மறுபடி பதியுங்கள். சிம் உங்களிடம் இருப்பதால் சாவி உங்களுக்குத்தான் வரும். அதைப் போட்டதும் திருடன் வெளியே தள்ளப்படுவான். அவன் போகும்முன் தனக்கென ஒரு ரகசியப் பின் எண் வைத்திருந்தால், அதைக் கேட்டு உங்களை 7 நாள் காக்க வைக்கும். பரவாயில்லை. அந்த ஏழு நாளும் அவனும் உள்ளே இருக்க முடியாது.

பணமே போய்விட்டதா? உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். சைபர் குற்றங்களுக்காக மத்திய அரசு வைத்திருக்கும் எண் அது. எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, அவ்வளவுக்குப் பணம் வழியிலேயே நிறுத்தப்பட வாய்ப்பு உண்டு.

இணையத்தில் தேடி 'வாடிக்கையாளர் சேவை' என்று ஏதாவது ஒரு எண்ணுக்குப் போன் செய்துவிடாதீர்கள். திருடனைப் பிடிக்கத் திருடனிடமே யோசனை கேட்ட கதையாக முடியலாம்.

பூட்டாசாரி எங்கே?

திண்டுக்கல் பூட்டு மக்கர் செய்தால், அதைத் தூக்கிக்கொண்டு செய்தவரிடமே போகலாம். அவர் தட்டிப் பார்த்து, ராவிக் கொடுப்பார். இந்தப் பூட்டைச் செய்தவர் கண்ணுக்கே தெரிவதில்லை. கணக்கைக் காரணமின்றி மூடிவிட்டால் எந்தப் படியில் ஏறி முறையிடுவது?

அதற்கும் வழி இருக்கிறது. 2021-ம் வருஷத்துத் தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி, இந்தியாவில் 50 லட்சம் பேருக்கு மேல் உபயோகிக்கும் ஒவ்வொரு சமூக ஊடகக் கம்பெனியும், இந்தியாவிலேயே வசிக்கும் ஒரு குறைதீர் அதிகாரியை நியமிக்க வேண்டும். புகார் கிடைத்தது என்பதை அவர் 24 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொள்ள வேண்டும். குறித்த கெடுவுக்குள் முடிவு சொல்ல வேண்டும். முடிவு திருப்தி இல்லையென்றால், 2023-ல் மத்திய அரசு அமைத்த குறைதீர் மேல்முறையீட்டுக் குழுவுக்கு 30 நாளுக்குள் இணையம் வழியாக முறையிடலாம். வக்கீல் வேண்டாம், டெல்லிக்கு ரயில் ஏற வேண்டாம். இந்த உரிமை இருப்பதே தெரியாமல், பல வருஷத்துக் கணக்கைக் கைவிட்டுவிட்டுப் புதிதாகத் தொடங்குகிறவர்கள் பலர்.

இரண்டாவது பூட்டு

கடைசியாக ஒரு வார்த்தை. ஒரு சாவியை மட்டும் நம்பி இருக்காதீர்கள். வாட்ஸ்அப்பில் 2017-லிருந்து 'இரட்டைச் சரிபார்ப்பு' என்ற வசதி உண்டு. நீங்களே ஆறு இலக்கப் பின் எண் ஒன்று வைத்துக்கொள்ளலாம். அப்புறம் எஸ்.எம்.எஸ். எண் திருடனிடம் சிக்கினாலும் உள்ளே நுழைய முடியாது. மறந்தால் மீட்பதற்கு உங்கள் மின்னஞ்சலையும் அதோடு சேர்த்துவிடுங்கள். ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் இதே ஏற்பாடு செய்யும்போது, அவசரத்துக்கென்று சில மாற்று எண்கள் தருவார்கள். கைபேசி தொலைந்தால் அவைதாம் கைகொடுக்கும்.

அவற்றைக் கைபேசியிலேயே படம் எடுத்து வைத்தால், வீட்டுச் சாவியை வீட்டுக்குள் வைத்துப் பூட்டியது போலாகும். ஒரு காகிதத்தில் எழுதி, பீரோவுக்குள் வையுங்கள். பீரோவுக்குப் பூட்டு வேண்டுமே என்கிறீர்களா? அதற்குத்தான் திண்டுக்கல் இருக்கிறதே!